ஔஷத தானம்: டாக்டர் வி. சாந்தா அம்மையாரின் வாழ்வும் பணியும்

(அட்சய திருதியை விழாவில் திருப்புட்குழியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அட்சய திருதியை என்றதும் இன்று நாட்டில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது நகைக்கடை. நமக்கு நினைவுக்கு வரவேண்டியது கரும்புச்சாறு. ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு மேற்கொண்டு, திங்கள் ஆறு உண்ணாநோன்பில் நின்று, பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். மக்கள் கல்நெஞ்சர் அல்லர். அவரைக் கண்ட இடமெல்லாம் ஓடிவந்து வணங்கினர். யானையைக் கொடுக்க முன்வந்தவர் உண்டு; குதிரையை, மணிகளை, பட்டாடையைக் கொடுக்க முன்வந்தவரும் உண்டு. முனிவர்க்கு வேண்டியது ஒரு கையளவு உணவு என்பதும், அதனை எவ்வாறு அளிக்கவேண்டும் என்பதும் ஒருவர்க்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் இவ்வாறு கழிந்தபின், அத்தினாபுரத்தில் சோமப்பிரபனின் தம்பி சிரேயாம்சன் முற்பிறப்பு நினைவு வரப்பெற்று, முறையறிந்து கரும்புச்சாறு அளித்தான். அந்நாளே இந்நாள்.

இக்கதையைச் சிறு வயதுமுதல் கேட்டு வருகிறோம். ஆயினும் அதனுள் இருக்கும் ஒரு செய்தியைப் பலகாலும் கடந்து போய்விடுகிறோம். அந்த ஓராண்டில் நாட்டில் கொடைக்குக் குறைவில்லை, குறைவாயிருந்தது அறிவு. எதிரில் நிற்பவர்க்கு எது தேவை என்று அறியாத கொடை எத்துணைப் பெரியதாயினும், கொள்வோர் பசியோடுதான் நடக்கவேண்டியிருக்கும். தேவை எது என்று கண்டறிந்து, கண்டறிந்தபின் அவ்விடத்தை விட்டு அகலாது அறுபத்தைந்து ஆண்டுகள் நின்ற ஓர் அம்மையாரின் வாழ்க்கையே இன்று எடுத்துக்கொண்ட பொருள். அவர் சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவ நிலையத்தை வழிநடத்திய டாக்டர் வி. சாந்தா.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் ஆகாரதானம் கண்ணுக்கு உடனே தெரிவது. இலை போட்டால் பயன் அங்கேயே விளங்கும். ஔஷத தானம் அத்தகையதன்று. அதற்கு நீண்ட பொறுமை வேண்டும், தேர்ந்த கல்வி வேண்டும், ஆண்டுதோறும் வரும் செலவுக்கு வழி வேண்டும். நம் காஞ்சி நாட்டார் இதனைத் தெளிவாகவே அறிந்திருந்தனர் என்பதற்குக் கல்லில் சான்று உண்டு. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து, பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கிருந்த ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை. அங்கே படுக்கைகள் பதினைந்து. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் எனப் பணியாளரை எண்ணிக் குறித்து, ஒவ்வொருவர்க்கும் உரிய நெல்லையும் காசையும் விதித்து, இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளையும், இரவில் எரியவேண்டிய விளக்குக்கு எண்ணெயையும்கூட அக்கல்வெட்டு மறக்காமல் எழுதி வைத்துள்ளது. போளூரை அடுத்த திருமலையில் தம் பெயரால் ஜினாலயம் நிற்கும் குந்தவைப் பிராட்டியாரும் தஞ்சையில் ஆதுலசாலைக்கு நிவந்தம் அளித்தவரே. மருத்துவமனை கட்டுவதோடு அறம் முடிவதில்லை, விளக்கெண்ணெய்வரை கணக்கிட்டால்தான் அது நிற்கும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

திருமுக்கூடலில் பதினைந்து படுக்கைகள். 1954-இல் அடையாற்றில் தொடங்கியபோது பன்னிரண்டே படுக்கைகள்.

அந்தப் பன்னிரண்டு படுக்கைகளுக்குப் பின்னால் மற்றொரு பெண்மணியின் முப்பதாண்டு முயற்சி இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராய் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். ஆதரவற்ற சிறுமியர்க்கு அவ்வை இல்லம் கண்டவர். அவர் புகழ் நாடறிந்தது. இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் பொருளுக்கு வேண்டுவது அவர் தங்கையின் சாவு. 1923-இல் அத்தங்கை குடற்பகுதியில் தோன்றிய புற்றுநோயால் துன்புற்று இறந்தார். மருத்துவராகிய தமக்கை அருகிலிருந்தும் ஒன்றும் செய்ய இயலவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி அம்மையார் வெளிப்படையாகக் கூறினார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக அதற்கென நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபரில் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் நிலையம் பணியைத் தொடங்கியது.

இவ்வளவு காலம் ஏன் பிடித்தது? பணம் இல்லாமை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. புற்றுநோய் வந்தோர் எப்படியும் இறக்கப் போகிறவர்தாமே, அவர்க்கு ஏன் தனி மருத்துவமனை என்னும் எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி, பொறுப்பில் இருந்தோரிடமும், மருத்துவருள் பலரிடமும் அந்நாளில் வேரூன்றியிருந்தது. பசித்தவர் எதிரில் நின்றும் பசி என்று புரிந்துகொள்ளாத ஊர்மக்களின் நிலைதான் இது.

சாந்தா 1927 மார்ச் 11-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அறிவியலில் சிறந்த குடும்பம். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் அவர்க்குத் தாத்தா முறை. அதே பரிசைப் பின்னாளில் பெற்ற சந்திரசேகர் தாய்மாமன். இவ்வுறவுமுறையைச் சொன்ன பின்பே சாந்தாவைப் பற்றிப் பேசத் தொடங்குவது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. அவர் வாழ்வை அறிந்தோர்க்கு அந்த முன்னுரை தேவைப்படாது. மயிலாப்பூர்த் தேசியப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949-இல் மருத்துவப் பட்டமும், 1952-இல் மகப்பேற்று மருத்துவத்தில் பட்டயமும், 1955-இல் அத்துறையிலேயே மேற்பட்டமும் பெற்றார்.

அந்நாளில் பெண் மருத்துவர் என்றால் மகப்பேறு பார்ப்பவர் என்றே பொருள். அத்துறையில் மேற்பட்டம் பெற்றவர்க்கு முன்னே தெளிவான பாதை ஒன்று விரிந்து கிடந்தது. அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்விலும் அவர் வெற்றி பெற்றார். எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பணி காத்திருந்தது. நிலையான ஊதியம், மதிப்பு, முடிவில் ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் அப்பணியில் உண்டு. அதனை விடுத்து, ஓராண்டுக்கு முன் தொடங்கிய, பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட, நாளை நடக்குமா என்பதே உறுதியில்லாத ஒரு சிறு நிலையத்தை அவர் தேர்ந்தார். சுற்றத்தாரும் ஆசிரியரும் வியந்தனர், வருந்தியோரும் உண்டு. குழந்தை பிறக்கும் அறையில் மகிழ்ச்சியோடு பணிபுரியக்கூடிய பெண், சாவுக்குக் காத்திருப்போர் என்று உலகம் கைவிட்டவரிடையே ஏன் போகவேண்டும் என்பதே அவர்கள் வினா.

1955 ஏப்ரல் 13-ஆம் நாள் சாந்தா அடையாற்று வளாகத்திற்குள் குடிவந்தார். முதல் மூன்றாண்டுகள் ஊதியமில்லாப் பணி. அதன்பின் திங்களுக்கு இருநூறு ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தரப்பட்டன. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அறுவையிலும் கதிர்வீச்சிலும் தேர்ச்சி பெற்றவர். அவரும் சாந்தாவுமே தொடக்கக் காலத்தில் அந்நிலையத்தின் முதுகெலும்பு. 1955-இல் உள்ளே வந்தவர், 2021-இல் உயிர் நீங்கும்வரை அவ்வளாகத்தையே இல்லமாகக் கொண்டார்.

நோயாளி ஒருவர் வந்து சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சாந்தா அம்மையாரின் தலைமை எதில் இருந்தது என்பது அங்கேதான் விளங்கும். உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பத்தைந்து வயதுத் தாய் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மாதவிலக்கு நின்றபின் மீண்டும் உதிரம் படுகிறது. வெட்கத்தால் எவரிடமும் சொல்வதில்லை. மகளிடம்கூடச் சொல்வதில்லை. ஓராண்டு கழித்து வலி வந்தபின் மருத்துவரிடம் போகிறார். கருப்பைவாய்ப் புற்று, முற்றிய நிலை. கதிர்வீச்சு தரவேண்டும். அதற்கு வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம், ஒருநாளும் விடாமல் வரவேண்டும். ஒருநாள் மருத்துவத்திற்குச் சில நிமிடங்களே ஆகும்; ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் ஒன்றரை மாதம் சென்னையில் தங்கவேண்டும். உடனிருக்க ஒருவர் வேண்டும். அவர் கணவரானால் அறுவடைக் கூலி போகிறது. மகளானால் அவள் பிள்ளைகளின் பள்ளி போகிறது. மருத்துவம் முழுவதும் இலவசம் என்றாலும், இரண்டாவது வாரத்தில் அத்தாய் ஊர் திரும்பிவிடக்கூடும். பாதியில் நின்ற மருத்துவம், தொடங்காத மருத்துவத்தினும் பெரிதும் மேலானதன்று.

ஆகவே இங்குத் தேவை மருந்து மட்டுமன்று. தங்க இடமும், மூன்று வேளை உணவும், வரப்போகப் பயணச் செலவும், முடிக்காமல் போகாதீர்கள் என்று எடுத்துச் சொல்ல ஒரு குரலும் சேர்ந்தால்தான் அது மருத்துவம். அடையாற்று நிலையம் ஏழை நோயாளர்க்குப் பொதுப்பிரிவில் கட்டணமின்றி இடமும் உணவும் அளித்ததும், புற்றுநோயாளர்க்குப் பயணச் சலுகை வேண்டும் என்றும் உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கவேண்டும் என்றும் சாந்தா அம்மையார் அரசின் கதவுகளை ஓயாமல் தட்டியதும் இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இவை மருத்துவர் செய்யும் வேலையாகவே தோன்றமாட்டா.

கருவிகளின் செய்தியும் அத்தகையதே. 1950-களின் பிற்பகுதியில் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி ஒன்று அந்நிலையத்திற்குக் கொடையாக வந்தது. இந்தியாவில் அன்று அத்தகைய கருவி அரிது. அக்கருவியின் உள்ளே இருக்கும் கோபால்ட் என்னும் பொருள் தன் ஆற்றலை நாளும் இழந்துகொண்டே இருப்பது. ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அதன் வலிமை சரிபாதியாகிவிடும். அதன்பின் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடத்தில் தந்த கதிரைப் பத்து நிமிடம் தரவேண்டும். வரிசை இருமடங்கு நீளும். எனவே சில ஆண்டுகட்கு ஒருமுறை பெருஞ்செலவில் அதனை மாற்றியாக வேண்டும். கருவியைக் கொடுப்பவர் பெயரைச் சுவரில் பொறிக்கலாம். கருவியின் உள்ளே தேய்ந்துபோகும் பொருளை மாற்றக் கொடுப்பவர்க்கு எந்தச் சுவரில் பெயர் பொறிப்பது? அறக்கட்டளை நடத்துவோர் அனைவரும் அறிந்த துன்பம் இது. கட்டடத்திற்குக் கொடுக்க வருவோர் பலர். மின்கட்டணத்திற்குக் கொடுக்க வருவோர் மிகச் சிலர். திருமுக்கூடல் கல்வெட்டில் விளக்கெண்ணெய்க்கு இடம் தந்தவர் யாராயினும் அவர் அனுபவசாலி.

கட்டணம் தர இயன்றவரிடம் பெற்றும், இயலாதவரிடம் பெறாமலும், நன்கொடைகளாலும், அரசு உதவியாலும் இந்நிலையம் நடந்தது. நோயாளருள் பெரும்பகுதியினர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெற்றனர். இக்கணக்கு எளிதில் நேராவதில்லை. மருத்துவத்துறை பெருவணிகமாக மாறிய 1980-களிலும் 1990-களிலும், சென்னை நகரிலேயே நட்சத்திர விடுதிகளைப் போன்ற மருத்துவமனைகள் எழுந்தன. அங்கே பல மடங்கு ஊதியம் காத்திருக்க, தாம் பயிற்றிய இளம் மருத்துவர்களை அடையாற்றின் நெரிசலில் நிறுத்திவைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப்பாருங்கள். அங்கே வரிசை நீளம், காத்திருப்பு அதிகம் என்று குறைகூறுவோர் உண்டு, அக்குறை பொய்யன்று. எவரையும் பணமில்லை என்று திருப்பி அனுப்பாத இடத்தில் வரிசை நீளாமல் இருக்க வழியில்லை.

சாந்தா அம்மையாரைக் கருணையின் வடிவம் என்று போற்றுவோர் அவர் அறிவியலாளர் என்பதை மறைத்துவிடுகின்றனர். இது பெண்களைப் புகழும் நம் மேடைகளில் நேரும் வழக்கமான பிழை. ஆண் ஒருவர் இப்பணியைச் செய்தால் அவர் ஆய்வைப் பேசுவோம். பெண் செய்தால் தாயுள்ளம் என்று முடித்துவிடுவோம். வெற்றிலையும் புகையிலையும் சேர்ந்து மெல்லும் நம் மக்களிடையே வாய்ப்புற்று மிகுதி. கன்னத்தின் உட்புறத்தே தோன்றும் அப்புற்றுக்குக் கதிர்வீச்சையும் மருந்தையும் இணைத்துத் தருவது பயன்படுமா என்று அவரும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் முறையாக ஆய்ந்து, அம்முடிவுகளை உலக மருத்துவ ஏடுகளில் வெளியிட்டனர். குழந்தைகட்கு வரும் புற்றுநோய்க்கெனத் தனிப்பிரிவு இந்தியாவில் முதன்முதல் அமைந்தது அங்கேதான். குழந்தைகளின் இரத்தப் புற்று ஒருகாலத்தில் வந்தால் சாவு என்றே பொருள்பட்டது. இன்று நல்ல நிலையங்களில், இரண்டு மூன்று ஆண்டுகள் விடாது மருத்துவம் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைத்து வளர்கின்றனர்.

அவர் தலைமையின் மற்றொரு பகுதி எண்ணுதல். 1980-களின் தொடக்கத்தில் சென்னை மாநகரில் எவருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் வருகிறது என்று பதிவு செய்யும் பணியை அந்நிலையம் மேற்கொண்டது. ஒவ்வொரு மருத்துவமனையாகச் சென்று, இறப்புப் பதிவுகளைப் புரட்டி, ஒரே ஆளை இருமுறை எண்ணிவிடாமல் சரிபார்த்து எழுதும் வேலை. இதில் புகழில்லை, நிழற்படமில்லை. சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்று ஆண்டாண்டாய்க் குறைந்து வருகிறது, மார்பகப் புற்று ஏறி வருகிறது என்பதை நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறதெனில், அது அந்தப் பதிவேடுகளால்தான். எதிரில் நிற்பவரின் தேவையை அறிவதற்குச் சிரேயாம்சனுக்கு முற்பிறப்பு நினைவு வந்தது. நமக்கு அத்தகைய பேறு இல்லை, கணக்கெழுதித்தான் அறியவேண்டும்.

1968 ஜூலை 22-இல் முத்துலட்சுமி அம்மையார் மறைந்தார். நிறுவியவர் மறைந்தபின் நிறுவனம் தளர்வது நாம் எங்கும் காணும் காட்சி. நம் ஊர்களிலேயே எத்தனையோ அறச்சாலைகள், பாடசாலைகள், தொடங்கியவர் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்ச மறைந்துபோயின. அடையாறு தளரவில்லை. 1975-இல் நடுவணரசு அதனை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது. 1980-இல் சாந்தா இயக்குநர் பொறுப்பை ஏற்று 1997 வரை அதிலிருந்தார். 1984-இல் புற்றுநோய் மருத்துவத்திற்கெனவே உயர்நிலைப் படிப்புகள் அங்கே தொடங்கப்பெற்றன. இதன் பயன் அவ்வளாகத்தோடு நிற்பதில்லை. அங்கே பயின்றோர் இன்று பல மாநிலங்களில் பணிபுரிகின்றனர். இயக்குநர் பதவியை விட்டபின்னும் அவர் வளாகத்தை விட்டு வெளியேறவில்லை. நிலையத்தின் தலைவராக இருந்து நிதிக்கும் நெறிக்கும் பொறுப்பேற்றார். 2010-இல் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மறைந்தபின் தொடக்கக்காலத்து நினைவுகளைத் தாங்கிய கடைசித் தூணாக அவரே நின்றார்.

விருதுகள் பல வந்தன. 1986-இல் பத்மஸ்ரீ, 2005-இல் மகசேசே விருது, 2006-இல் பத்மபூஷண், 2016-இல் பத்மவிபூஷண். இவற்றை இவ்வளவில் நிறுத்திக்கொள்வோம்.

ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். மேடைகளில் நாம் ஊழல் ஒரு புற்றுநோய் என்கிறோம்; சாதி ஒரு புற்றுநோய் என்கிறோம். கேட்பதற்கு வலிமையாக இருக்கிறது. ஆனால் அக்கூட்டத்தில் மூன்றாம் வரிசையில், மருத்துவம் முடித்து, முடி மீண்டும் வளரத் தொடங்கிய தலையில் முந்தானையைப் போர்த்தியபடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கக்கூடும். தீராத தீமைக்கெல்லாம் தன் நோயின் பெயரை உவமையாக்குவதை அவள் எவ்வாறு கேட்டுக்கொண்டிருப்பாள்? இந்நோயைச் சுற்றியுள்ள அச்சத்தையும் மறைப்பையும் உடைப்பதே தம் வாழ்நாளின் பெரும்பணி என்று சாந்தா அம்மையார் கருதினார். தொடக்கத்திலேயே கண்டால் குணமாகும் என்பதை அவர் சொல்லாத மேடையில்லை. தமிழ் கற்றோர் செய்யக்கூடிய சிறு உதவி, அவ்வுவமையைக் கைவிடுவது.

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சியின் மைந்தரான பேரறிஞர் அண்ணா புற்றுநோயால் தாக்குண்டு, அமெரிக்காவரை சென்று மருத்துவம் பெற்றுத் திரும்பி, 1969 பிப்ரவரி 3-இல் அடையாற்று நிலையத்திலேயே மறைந்தார். அவர் நினைவாகப் பெயர்பெற்ற அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரைப்பேட்டையில் உள்ளது. திருப்புட்குழியிலிருந்து அது தொலைவன்று. ஆயினும் அப்பெயரைச் சொல்லவே நம் இல்லங்களில் தயங்குகிறோம். உறவினர் எவரேனும் அங்கே சேர்ந்திருந்தால், “ஆஸ்பத்திரியில் இருக்கிறார்” என்று மட்டும் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்பதை விழுங்கிவிடுகிறோம். வீட்டில் மணமாகாத பெண் இருந்தால் அத்தயக்கம் இருமடங்காகிறது. அந்த மறைப்பில் போகும் ஓராண்டுதான் உயிரைக் கொண்டுபோவது.

தாய்மார்களுக்குத் தெளிவாகச் சில செய்திகள். மார்பில் கட்டி தோன்றினால் வலியில்லை என்று விட்டுவிடக்கூடாது. தொடக்கத்தில் அக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கு நின்றபின் உதிரம் பட்டால் அன்றே சொல்லவேண்டும். வாயினுள் வெண்ணிறத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு மூன்று வாரத்திற்கு மேல் நீடித்தால் காட்டவேண்டும். கருப்பைவாயைப் பார்க்கும் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. புளிக்காடிச் சத்தாகிய அசெடிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்ப்பதுதான் அது. நம் தமிழ்நாட்டிலேயே, திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், 30 முதல் 59 வயதுவரையான பெண்களிடம் இச்சோதனை நடத்தி, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. நகரத்துப் பெருமருத்துவமனையில் அன்று, கிராமத்தில், செவிலியர் கையால்.

பெண்கள் கூட்டமாகக் கற்பதும், பெண்ணொருத்தி அவர்களை வழிநடத்துவதும் நமக்குப் புதியதன்று. வந்தவாசியை அடுத்த வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியிடம் ஐந்நூறு மாணாக்கியர் இருந்தனர். அவர்களுக்கு இடர் வந்தபோது அவர்களைக் காப்பதும் உணவளிப்பதும் தம் பொறுப்பென்று ஊரார் ஏற்றனர் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நம் அறக்கட்டளைகளில் இன்று பெண்கள் எத்தனை பேர் பொறுப்பில் உள்ளனர் என்று எண்ணினால் அவ்வெண்ணைச் சொல்ல நேரம் அதிகம் பிடிக்காது. விழாவிற்குப் பட்டு வாங்கவும், பிரசாதம் சமைக்கவும் அழைக்கிறோம். கணக்கு நோட்டைக் கையில் கொடுப்பதில்லை. சாந்தா அம்மையாரிடம் அந்தக் கணக்கு நோட்டைக் கொடுத்துப் பார்த்தவர்கள் முன்பு கண்ட பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாயின.

2021 ஜனவரி 19 விடியற்காலையில், தொண்ணூற்று மூன்றாம் வயதில் டாக்டர் சாந்தா காலமானார். கொரோனா அச்சம் இன்னும் நீங்காத காலம். அந்த வயதிலும் நோயாளரைப் பற்றியும் நிலையத்தின் செலவைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். உடல் அடையாற்றுப் பழைய வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அன்று காலையிலும் அடையாற்றில் வரிசை இருந்தது. கதிர்வீச்சுக்கு நாள் குறிக்கப்பட்டவர்க்கு ஒருநாளும் விடக்கூடாது அல்லவா? காரைப்பேட்டையிலும் நாள்தோறும் காலைப் பேருந்திலிருந்து கையில் துணிப்பையும் பழைய சீட்டுகளுமாகச் சிலர் இறங்குகின்றனர்; ஒரு முதியவர், அவர் கையைப் பிடித்தபடி ஒரு பெண். அந்தப் பேருந்தில் நம்மவர் எவரேனும் உடன் செல்கிறோமா என்பதை, விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்க்கலாம்.